பெரியம்மாவின் புதுக் கம்பம்

ஐந்து ஆண்டுகள் கழித்து சிங்கப்பூர் போய்வந்தேன். இந்த முறை தங்கியது பெரியம்மா வீட்டில், அட்மிரல்ட்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள கம்போங் அட்மிரல்ட்டி என்ற அடுக்குமாடி வளாகத்தில். மலாய் மொழியில் கம்போங் என்றால் கிராமம், நம்மவர்கள் பேச்சில் அதுதான் கம்பம். பெரியப்பா போனபின் நான்கறை வீட்டைத் தனியாகக் கூட்டித் துடைக்க முடியாமல் விற்றுவிட்டு இங்கே வந்தவர். சின்ன வீட்டுக்குள் அடைந்து கிடப்பாரே என்று எனக்கு உள்ளூரக் கவலை இருந்தது.

வீடு சின்னதுதான். இங்குள்ள வீடுகள் 36 அல்லது 45 சதுர மீட்டர். மூத்தோருக்கென்று அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய 104 வீடுகள், 11 மாடி கொண்ட இரண்டு புளோக்குகளில். குளியலறையில் கைப்பிடிகள், வழுக்காத தரை. ஆனால் பெரியம்மா அந்த வீட்டில் இருந்தால்தானே! காலையில் மின்தூக்கியில் இறங்கினால் உணவங்காடி நிலையம். அதற்கு மேல் மருத்துவ நிலையம். சர்க்கரை, கண் பரிசோதனைக்கெல்லாம் முன்பு இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தது. மழை வந்தால் “அடுத்த மாதம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடுவார். இப்போது ஒரு தவணையும் தவறுவதில்லை. அவர் மாறவில்லை, தூரம்தான் குறைந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது தரைத்தளத்தில் உள்ள பெரிய சமூகத் திடல். மேலே கட்டடமே கூரை, பக்கங்கள் திறந்தவெளி. மழை கொட்டிய ஒரு சாயங்காலம் அங்கேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள், கடைக்கு வந்தவர்கள், ரயிலைப் பிடிக்கக் குறுக்கே நடந்தவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். பாதிப் பேர் இந்த 104 வீட்டுக்காரர்கள் அல்ல, அக்கம்பக்கத்து புளோக்குகளில் இருப்பவர்கள். இந்த இடம் முதியோர் இல்லமாகிப் போகாமல் காப்பது அவர்கள்தான் என்பேன். மூத்தோர் நடவடிக்கை நிலையத்தோடு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தையும் இதே கட்டடத்தில் வைத்ததும் நல்ல யோசனை. பிள்ளைகளின் சத்தம் கேட்டால் பெரியம்மா நடையை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பார்.

நிலம் மொத்தம் 0.9 ஹெக்டேர்தான். வீடமைப்பு, சுகாதாரம், பூங்கா என்று ஒவ்வோர் அரசு அமைப்பும் தனித்தனி மனை கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். 2018-ல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதும் கிடைத்தது.

எனக்கு ஒரே ஆதங்கம், 104 வீடு போதாது. பெரியம்மாவின் பழைய புளோக்கில் மட்டுமே இப்படி ஓர் இடத்துக்கு வரத் துடிப்பவர்கள் பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும். 2021-ல் புக்கிட் பாத்தோக்கில், வீட்டோடு பராமரிப்புச் சேவையையும் சேர்த்தே தரும் சமூகப் பராமரிப்பு வீடுகளை விற்பனைக்கு விட்டார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனாலும் ஊரே வந்து புழங்கும் இப்படியொரு திடல் ஒவ்வொரு பேட்டையிலும் வேண்டும்.

கிளம்பும் நாளில் பெரியம்மா விமான நிலையத்துக்கு வரவில்லை. கூரைத் தோட்டத்தில் அன்று தண்ணீர் ஊற்றுவது அவர் முறையாம். “கீரை வாடிப்போகும்மா, நீ பத்திரமா போயிட்டு வா” என்று மின்தூக்கி வரை வந்து கையசைத்தார். நான் கீழே இறங்கினேன், அவர் மேலே போனார்.