பிக்கப்புக்கு டோ பார் போட்டால் பின்னடி தாங்குமா?

சிங்கப்பூரில் பிக்கப் ஓட்டுபவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. பின்னால் டோ பார் (டிரெய்லரை இழுக்க வண்டியின் பின்னடியில் மாட்டும் இரும்புச் சட்டம்) ஒன்று இருந்தால் போதும், எவர் வந்து இடித்தாலும் சேதம் அவருக்குத்தான், நம் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள். படகோ ஜெட் ஸ்கியோ இல்லாதவர்கள்கூட இதற்காகவே ஹிட்ச் என்றும் சொல்லப்படும் இந்த டோ பாரை மாட்டிக்கொள்கிறார்கள். இணையக் கடைகளும் இதே ஆசையைக் காட்டி ‘பின்பக்கப் பாதுகாப்பு’ என்று விற்கின்றன. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், நவாரா, டிரைட்டன், ரேஞ்சர் போன்ற வண்டிகளுக்குக் கிடைக்கும் நான்கு வகைப் பொருள்களை இங்கே ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறோம்: பின்னால் அடி விழும்போது இது என்ன செய்யும்? இழுவைத் திறனெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

வண்டியோடு வரும் ஸ்டெப் பம்பரை யாரும் மதிப்பதில்லை. மெல்லிய தகட்டில் அழுத்தி எடுத்தது, மேலே குரோம் பூச்சு, காலை வைத்து ஏற பிளாஸ்டிக் மிதி, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸியின் இரு பின்நுனிகளிலும் பிடித்திருக்கும் இரண்டு பிராக்கெட். கார் பம்பருக்குள் இருக்கும் குறுக்குச் சட்டம், நுரை, நசுங்கும் பெட்டி எல்லாம் இதில் பெரும்பாலும் கிடையாது. ஆனால் இந்தப் பிராக்கெட்டுகள் வளைகின்றன. அதுதான் இதன் ஒரே நல்ல குணம், பெரிய குணமும்கூட. மெதுவான இடியில் பம்பரும் பிராக்கெட்டும் கோணிக்கொள்ளும், சேஸி தப்பும். இரண்டையும் கழற்றி மாற்றுவது பட்டறையில் சின்ன வேலை.

இதன் குறை உயரம். அமெரிக்க பம்பர் விதி, கார்களுக்குத் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 41 முதல் 51 செ.மீ. வரையுள்ள பட்டையில் பம்பர் காப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. பிக்கப்புகளுக்கு அந்த விதி பொருந்தாது. அந்த விதி சிங்கப்பூரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், கார்களின் குறுக்குச் சட்டம் சுமாராக எந்த உயரத்தில் இருக்கும் என்பதற்கு அது நல்ல அளவுகோல். டேப் எடுத்து உங்கள் வண்டியை அளந்து பாருங்கள். குரோம் தகட்டின் விளிம்பை அளக்காதீர்கள். அதற்குப் பின்னால் பிராக்கெட் பிடித்திருக்கும் கெட்டியான பாகத்தின் அடிமட்டத்தை, பின்தட்டு காலியாக இருக்கும்போது அளக்க வேண்டும். அது 51 செ.மீ.க்கு மேல் இருந்தால், பின்னால் வரும் காரின் பம்பர் உங்கள் பம்பருக்கு அடியில் நுழைந்துவிடும். பிரேக் மிதிக்கும்போது காரின் மூக்கு கீழே அமுங்குவதால் இடைவெளி இன்னும் கூடும். லிஃப்ட் கிட் போட்டு உயர்த்திய வண்டியென்றால் சொல்லவே வேண்டாம்.

டோ பார் நல்லது என்று வாதிடுபவர்கள் இங்கேதான் பிடித்துக்கொள்வார்கள். ஹிட்ச்சின் குறுக்குக் குழாய் பம்பரைவிடக் கீழே இருப்பதால் கார் அடியில் புகாமல் அது தடுக்குமே என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தக் குழாய் சேஸியின் இரு நீளச் சட்டங்களிலும் நேரடியாகப் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. இடையில் வளைந்துகொடுக்க எதுவுமே இல்லை. அடி பம்பரைத் தாண்டிப்போய் நேராகச் சேஸியில் இறங்கும்.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். சிக்னலில் நிற்கும் 1.9 டன் பிக்கப்பை 1.3 டன் கார் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து இடிக்கிறது. எகிறிப் பிரியாமல் இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால், அந்த வேகம் மணிக்குச் சுமார் 8 கி.மீ. இதை எந்தப் பம்பராலும் மாற்ற முடியாது. மாறக்கூடியது நேரம் மட்டுமே. இரண்டு வண்டிகளும் சேர்ந்து 30 செ.மீ. நசுங்கினால் மோதல் 0.11 விநாடி நீடிக்கும், பிக்கப் சராசரியாக 2.1 ஜி (ஈர்ப்பு முடுக்கத்தைப் போல 2.1 மடங்கு) முடுக்கத்தில் முன்னே தள்ளப்படும். டோ பாரின் விறைப்பால் நசுங்கும் தூரம் 20 செ.மீ.யாகச் சுருங்கினால் நேரம் 0.07 விநாடி, முடுக்கம் 3.2 ஜி. சேஸியில் இறங்கும் விசை முதல் நிலையில் சராசரி 40 கிலோநியூட்டன், இரண்டாவதில் 60. உச்ச விசை இதைவிடக் கணிசமாகக் கூடுதல்.

‘3,500 கிலோ இழுக்கும்’ என்று பொறித்த டோ பார் இதைத் தாங்காதா என்று தோன்றும். அந்த எண் டிரெய்லரின் எடையைச் சொல்கிறது, விசையை அல்ல. இணைப்பின் வலிமையைக் குறிப்பது டி மதிப்பு: ஈர்ப்பு முடுக்கத்தை இரண்டு வண்டிகளின் நிறைகளாலும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது. 3 டன் பிக்கப்பும் 3.5 டன் டிரெய்லரும் என்றால் சுமார் 16 கிலோநியூட்டன். மேலே சொன்ன மெதுவான இடியின் சராசரி விசையே அதைப்போல இரண்டரை முதல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. டோ பார் உடையாமல் இருக்கலாம், அதற்குப் போதிய மிச்ச வலிமை வைத்தே செய்கிறார்கள். ஆனால் அது உடையாவிட்டால் அந்த விசை போகும் அடுத்த இடம் சேஸி. இலைச் சுருளின் (பின்சக்கரங்களைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கின்) பின்முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளுக்கும் சேஸி நுனிக்கும் நடுவிலுள்ள பகுதியில்தான் சட்டம் மடங்கும். பம்பருக்கு வர வேண்டிய பில் சேஸிக்கு வந்து சேரும்.

கழுத்தின் கதை இன்னும் மோசம். பின்னால் இடிபடும்போது இருக்கை முதுகைத் தள்ளுகிறது, தலை ஒரு கணம் பின்தங்குகிறது, கழுத்து இழுபடுகிறது. முடுக்கம் கூடக்கூட இது கடுமையாகும். ஸ்வீடனின் ஃபோல்க்சாம் காப்பீட்டு நிறுவன ஆய்வாளர்கள், இடிபட்ட காரில் டோ பார் இருந்தால் நீண்டகாலக் கழுத்துக் காயத்துக்கான வாய்ப்பு கூடுவதைக் கண்டார்கள். ஆகவே ஹிட்ச்சுக்குச் செலவழிக்கும் முன் ஹெட்ரெஸ்ட்டைச் சரிசெய்யுங்கள், காசே வேண்டாம். அதன் உச்சி உங்கள் உச்சந்தலையை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் 9 செ.மீ.க்குமேல் கீழே இருக்கக் கூடாது. தலைக்கும் அதற்கும் இடைவெளி 10 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். முதுகைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு ஓட்டுபவர்களுக்கு இந்த இரண்டுமே கிடைக்காது. டபுள் கேப்பின் பின்னிருக்கையில் நடு ஆளுக்கு ஹெட்ரெஸ்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின்தட்டில் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இந்தக் கணக்கு இன்னும் கொடுமை. இருக்கை வார் இல்லை, ஹெட்ரெஸ்ட் இல்லை. அடி விழும் இடத்துக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு ‘பாதுகாப்புக்காக’ டோ பார் போடும் முதலாளி யாரைப் பாதுகாக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்து, டிரெய்லரைக் கொளுவும் பந்தோடு டோ பாரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பால் மவுன்ட். சிங்கப்பூரில் கண்ணில் படும் மிகப் பெரிய தவறு இதுதான். குறுகலான இரும்பு, வரும் காரின் குறுக்குச் சட்டத்துக்கு மேலேயோ கீழேயோ புகுந்து நேராகக் கண்டென்சரையும் ரேடியேட்டரையும் துளைக்கும். மோட்டார்சைக்கிள் இடித்தால் பந்து இருக்கும் உயரமும் ஓட்டுநரின் கணுக்கால், முழங்கால் இருக்கும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. உட்லண்ட்ஸ் பாதையில் காலையில் எத்தனை மோட்டார்சைக்கிள்கள் வண்டிக்கு ஒட்டி நிற்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். வாகன நிறுத்துமிடத்திலும் இதே தொல்லை. இங்கே கார் கட்டம் 4.8 மீட்டர் நீளம், டபுள் கேப் ஹைலக்ஸ் 5.3 மீட்டர். ஏற்கெனவே வெளியே நிற்கும் வண்டியிலிருந்து கூடுதலாக ஒரு சாண் இரும்பு நீட்டினால், இரவில் நடந்துபோகிறவர் முழங்காலில் வாங்கிக்கொள்வார். இழுக்காத நேரத்தில் ஹிட்ச் பின்னை உருவி, பால் மவுன்ட்டைக் கழற்றி வண்டிக்குள் கட்டி வையுங்கள். இரண்டு நிமிட வேலை. கழற்ற முடியாதபடி பற்றவைத்த பந்தோடு விற்கும் டோ பாரை வாங்கவே வேண்டாம்.

பின்பக்க முழு ஸ்டீல் பம்பர்: ஆஸ்திரேலிய ஏஆர்பி போன்ற நிறுவனங்கள் டோ பாரையும் பம்பரையும் ஒன்றாக்கிச் செய்கின்றன. வேலைப்பாடு நன்றாக இருக்கும், கல்லிலும் மேட்டிலும் போகும் ஊருக்கு அது பொருத்தம். தீவு விரைவுச்சாலையில் வரிசையாக ஊர்ந்துபோகும் வண்டிக்கு இந்த எடை எதற்கு? பின்அச்சுக்கும் பின்னால் தொங்கும் கனம் முன்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைக் குறைக்கும், ஏற்றக்கூடிய சரக்கின் அளவும் அந்த அளவுக்குக் குறையும். விறைப்பைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். ஒரே சாதகம், அடி ஒரு புள்ளியில் குவியாமல் அகலமாகப் பரவும்.

ரிசீவரில், அதாவது டோ பாரின் நடுவிலுள்ள குழாயில், செருகும் ரப்பர் பம்பர், ஹிட்ச் மிதிப்படி ஆகியவை பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தூண் மேல் மெதுவாக ரிவர்ஸ் வரும்போது ரப்பர் உதவும். சாலை வேகத்தில் அது முழுவதும் அமுங்கியபின் மீதி விசை, நடுவிலுள்ள ஒற்றைக் குழாய் வழியாகச் சேஸிக்குப் போகும். ரிவர்ஸ் சென்சார் அதைப் பார்த்து ஓயாமல் கத்துவது தனி எரிச்சல். இரும்பு மிதிப்படி பால் மவுன்ட்டைப் போலவே ஆபத்து.

உண்மையிலேயே இழுப்பவர்களுக்குச் சில கறாரான குறிப்புகள். 50 மி.மீ. பந்தும் 2 அங்குலப் பந்தும் ஒன்றல்ல. 2 அங்குலம் 50.8 மி.மீ. அமெரிக்க 2 அங்குலக் கப்ளருக்குள் (டிரெய்லர் பக்கத்தில் பந்தைக் கவ்வும் பூட்டுக்குள்) 50 மி.மீ. பந்தைப் போட்டால் ஆட்டம் கொடுக்கும். 50 மி.மீ. கப்ளருக்குள் 2 அங்குலப் பந்து முழுதாக இறங்காமல், பூட்டியதுபோலத் தெரிந்தாலும் பூட்டாமல் இருக்கும். ஆகவே பந்தின் தலையிலும் கப்ளரிலும் பொறித்திருக்கும் அளவையும் எடையையும் படித்துவிட்டு வாங்குங்கள். பொறிப்பே இல்லாத பந்தைத் தொடாதீர்கள். 2 அங்குல ரிசீவருக்கு ஹிட்ச் பின் 5/8 அங்குலம். மெல்லிய போல்ட்டைச் செருகிச் சமாளித்தால் துளை நீள்வட்டமாகத் தேயும். சேஸி போல்ட்டுகள் கிட்டோடு வந்த தரத்திலேயே, அதன் தாளில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கே முறுக்கப்பட வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று இறுக்கிவிட்டுக் கைகழுவும் பட்டறையில், டார்க் ரென்ச்சை எடுக்கச் சொல்லுங்கள். 1,000 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மின் இணைப்பில்தான் பின்னடிக்கான காரணமே ஒளிந்திருக்கும். வண்டியின் வயரைக் கீறிக் கவ்வும் மலிவான கிளிப்புகளில் கடல்நீரும் மழையும் புகுந்து பச்சை பூக்கும். கொஞ்ச நாளில் டிரெய்லரின் பிரேக் விளக்கு மங்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் எரியும். கொட்டும் மழையில் பின்னால் வருபவருக்கு அந்த விளக்கைத் தவிர வேறு தகவல் இல்லை. ஃபியூஸோடு கூடிய தனி மாட்யூல், வெப்பத்தில் சுருங்கும் உறை போட்ட இணைப்பு, இரண்டையும் வற்புறுத்திக் கேளுங்கள். படகை இறக்கும் தளத்திலிருந்து திரும்பியதும் ரிசீவர் குழாயின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பவுடர் கோட்டிங் வெளியே பளபளக்கும்போதே உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். கடலுக்குப் போகும் வண்டிக்கு, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் கால்வனைசிங்தான் சரி.

மாட்டுவதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தைப் பாருங்கள். ஒப்புதல் தேவைப்படாத மாற்றங்கள், தேவைப்படும் மாற்றங்கள், அனுமதியே இல்லாத மாற்றங்கள் என்று அதில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ‘எல்லாரும் மாட்டுறாங்க பாஸ், ஒண்ணும் ஆகாது’ என்ற பதிலை காக்கி புக்கிட், சின் மிங் பட்டறைகளில் கேட்டால், அதையே எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் இழப்பீட்டு நேரத்தில் வில்லங்கமாக வந்து நிற்கும். எண் பலகையைப் பந்தோ மிதிப்படியோ மறைக்கவும் கூடாது.

அடி விழுந்தாயிற்றா? 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் பின்னால் வந்து இடித்தவர்மீதுதான் பொறுப்பு விழும் என்பதால், அவசரப்பட்டு ‘பம்பர் மட்டும்தான்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஹிட்ச் இருக்கும் வண்டியில் பம்பர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சேஸி மடங்கியிருக்கும். பம்பரையும் டோ பாரையும் கழற்றிவிட்டுப் பார்க்கும்படி மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள். ஷேக்கிள் பிராக்கெட்டுக்குப் பின்னால் பெயின்ட் சுருங்கியோ உதிர்ந்தோ இருக்கிறதா? போல்ட் துளைகள் நீண்டிருக்கின்றனவா? டெயில்கேட்டின் இடது, வலது இடைவெளி ஒன்றாக இருக்கிறதா? சேஸியின் இரு குறுக்கு மூலைகளையும் அளந்து ஒப்பிட வேண்டும். அளவு பிசகினால், அந்த டோ பாரை நிமிர்த்தி மறுபடி மாட்டச் சம்மதிக்காதீர்கள். ஒரு முறை அடி வாங்கிய டோ பாரும் அதன் போல்ட்டுகளும் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியவை.