கேஸ் குழாய் மரைக்கு மஞ்சள் டேப்பா, பேஸ்டா, சணலா?

சிலிண்டரை வெளியே வைத்து, சுவரைத் துளைத்து, இரும்புக் குழாயில் குசினிக்குக் கேஸ் எடுத்திருப்பவர்களிடம் மரையில், அதாவது மூட்டில் திருகும் வரிகளில், என்ன சுற்றியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் என்பார்கள். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் குளிருக்குக் கதவு சன்னலை அடைத்தே வைத்திருப்போம். கசியும் கேஸோ காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து தேங்கிவிடும். அதனால் எதைச் சுற்றுகிறோம் என்பது நமக்குச் சின்ன விஷயமில்லை.

வெள்ளை டேப் மெல்லியது, இறுக்கும்போதே கிழியக்கூடும். கேஸுக்கென்று வரும் மஞ்சள் டேப் தடிப்பானது, அடர்த்தியானது. குழாய் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் இறுக்க இறுக்க அவிழ்ந்து வரும். முனையில் முதல் மரையை வெறுமையாக விடுங்கள். துண்டு உள்ளே போனால் அடுப்பில் கேஸ் வரும் சிறு துளையான ஜெட் அடைபடும். இறுக்கியபின் கோணம் சரியில்லை என்று கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினால் டேப் போயிற்று, கழற்றிப் புதிதாகச் சுற்றத்தான் வேண்டும்.

அந்த விஷயத்தில், மரையில் பூசும் பசையான பேஸ்ட் மேல். இறுகிப்போகாத வகையென்றால் சிறிது திருப்பினாலும் தாங்கும். டின்னில் கேஸுக்கு உகந்தது என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரண கிரீஸை எல்பி கேஸ், அதாவது சிலிண்டர் கேஸ், கரைத்துவிடும். ஆண் மரையில், அதாவது வெளிப்பக்கம் வெட்டிய மரையில், மட்டும் பூசுங்கள்.

சணலைப் பழைய பாஸ்மார், அதாவது குழாய் வேலைக்காரர்கள், இன்னும் நம்புகிறார்கள். தண்ணீரில் ஊறி உப்புவதால் அங்கே அது கெட்டிக்காரன். கேஸ் உலர்ந்தது, காலப்போக்கில் சணல் காய்ந்து சுருங்கும். வீட்டுக்கு வேண்டாம்.

உலோகத்துக்கு நடுவே காற்றுப் படாமல் இறுகும் திரவப் பசையும் உண்டு. பிடி பலமானதுதான். ஆனால் குளிரில் இறுக நேரமெடுக்கும், பிறகு கழற்றுவதும் பாடு. வாடகை வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

என் தெரிவு மஞ்சள் டேப். திருப்பி நேராக்க வேண்டிய முழங்கை மூட்டுக்கு மட்டும் பேஸ்ட். எதுவானாலும் மரை கூம்பாக, முனைக்குப் போகப் போக ஒடுங்குவதாக, இருந்தால்தான் பயன். செப்புக் குழாயின் விரிந்த வாய் மூட்டு உலோகத்தோடு உலோகம் அமர்வது. ரெகுலேட்டர் ரப்பர் வாஷரில் அமர்வது. இரண்டிலும் டேப் சுற்றுவது வீண். சரியாக அமரவிடாமல் கசிவையே உண்டாக்கும்.

ஒரு ரென்ச்சால் குழாயைப் பிடித்து, மற்றதால் மூட்டை இறுக்குங்கள். ஒன்றால் மட்டும் திருகினால் அடுத்த மூட்டு தளரும். பிறகு கசிகிறதா என்று பார்க்கச் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள்; தீக்குச்சி கூடவே கூடாது. குமிழ் வந்தால் மேலும் முறுக்காமல் சிலிண்டரை மூடி, மூட்டைக் கழற்றி, மரையைத் துடைத்துப் புதிதாகச் சுற்றுங்கள். மறுபடியும் குமிழ் என்றால் மரையே பழுதாக இருக்கலாம். குழாயை மாற்ற, கேஸ் வேலை தெரிந்த பாஸைக் கூப்பிடுங்கள்.