லிங்கர் ஸ்கிரிப்டில் மொத்தமாகக் கொட்டுவதா, பிரித்து அடுக்குவதா?

காட்பாடியில் எங்கள் பட்டறையில் ஓடும் போர்டில் எஸ்டிஎம்32எஃப்103சி8 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப் இருக்கிறது. புரோகிராம் தங்கும் ஃபிளாஷ் 64 கேபி, ரேம் 20 கேபி. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் டிரம்மைச் சுழற்றும் மோட்டாருக்கான கட்டுப்பாடு அது. கம்பைலர் தரும் ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒரே புரோகிராமாகக் கோக்கும் லிங்கர், ஃபிளாஷில் இடமில்லை என்று கைவிரித்த அன்றுதான், எது எங்கே உட்கார வேண்டும் என்று அதற்குச் சொல்லும் ஸ்கிரிப்டையே திறந்து பார்த்தேன்.

உள்ளே இருந்தது பழைய வழி: எல்லா ஆப்ஜெக்ட் ஃபைலிலும் கோட் இருக்கும் பகுதியான டெக்ஸ்ட் செக்‌ஷனையும் வந்த வரிசையில் கொட்டு. ஒரே வரி, படிக்கச் சுலபம். ஆனால் ஒரு சி ஃபைலின் ஃபங்ஷன்கள் எல்லாம் ஒரே செக்‌ஷனாகத்தான் வரும். அதற்குள் பிரித்தெடுக்க லிங்கருக்குத் தெரியாது. டிரைவரில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் மிச்ச இருபதும் கூடவே வந்து உட்காரும். ஆம்பூரில் ஒரு பிளேட் பிரியாணி கேட்டவனிடம் அண்டாவையே தூக்கிக் கொடுத்த கதைதான்.

அடுத்த வழி, கம்பைலரிடம் ‘ஃபங்ஷன்-செக்‌ஷன்ஸ்’ சொல்லி ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனிச் செக்‌ஷனாக்கி, ‘ஜிசி-செக்‌ஷன்ஸ்’ கொண்டு வேண்டாததைக் கழிப்பது. என் ஓட்டு இதற்குத்தான். முதல் நாள் மானம் போனதும் இதனால்தான். “அண்ணா, பைனரி சின்னதாயிடுச்சு!” என்று கூட வேலை செய்யும் தம்பி குதித்தான். போர்டில் ஏற்றினோம், எல்ஈடிகூடச் சிமிட்டவில்லை.

எது எங்கே போனது என்று லிங்கர் எழுதித் தரும் மேப் ஃபைலைப் பார்த்தால், கழித்த செக்‌ஷன்களின் பட்டியலில் வெக்டர் டேபிள், அதாவது தொடக்க, இன்டரப்ட் முகவரிகள் இருக்கும் அட்டவணை! அதை எந்த ஃபங்ஷனும் கூப்பிடுவதில்லை, ஹார்டுவேர்தான் படிக்கிறது. சிப்புக்குள் இருக்கும் கார்டெக்ஸ்-எம்3 பிராசஸர் எழுந்ததும் டேபிளின் முதல் வார்த்தையை (32 பிட் எண்) ஸ்டாக் முகவரியாகவும் இரண்டாவதை ரீசெட் முகவரியாகவும் எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் வேறு எதுவோ இருந்தால் என்ன ஆகும்? டேபிளை, கழிக்காதே என்று லிங்கருக்குச் சொல்லும் ‘கீப்’புக்குள் போட்டு முதல் வரியில் வைத்ததும் உயிர் வந்தது. அப்புறம், தனியாக்கிய ஒவ்வொன்றின் பெயரும் ‘டெக்ஸ்ட்’ என்று தொடங்கி ஃபங்ஷன் பெயரில் முடியும்; ஸ்கிரிப்டில் டெக்ஸ்டுக்குப் பின்னால், எது வந்தாலும் பொருந்தும் நட்சத்திரம் போட மறந்தால் அந்தத் தனிச் செக்‌ஷன்கள் அநாதையாகி, லிங்கர் தன் இஷ்டத்துக்கு ஓரிடத்தில் வைத்துவிடும்; சத்தமே போடாது. அநாதைகளை என்ன செய்வது என்று லிங்கருக்குச் சொல்லும் ‘ஆர்ஃபன்-ஹேண்ட்லிங்’ ஆப்ஷனை எச்சரிக்கைக்கு மாற்றி வையுங்கள்.

மூன்றாவது, பெயர் சொல்லிக் கையால் அடுக்குவது. எல்லா ஃபைலையும் இப்படி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆனால் சிலவற்றுக்கு வேறு வழியும் இல்லை. இந்தச் சிப்பின் ஃபிளாஷில் ஒரு 1 கேபி பக்கத்தை அழிக்க 20 முதல் 40 மில்லி செகண்ட் ஆகும். அதுவரை ஃபிளாஷிலிருந்து கோட் ஓடாது. மோட்டார் கரண்டை அவ்வளவு நேரம் யாரும் பார்க்காமல் விட முடியுமா? அழித்துவிட்டுக் காத்திருக்கும் ஃபங்ஷன், நடக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கரண்டைப் பார்க்கும் இன்டரப்ட் ஃபங்ஷன், வெக்டர் டேபிளின் நகல் மூன்றும் ரேமுக்குப் போயின. 20 கேபியில் அதற்கும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

அதிலும் ஒரு சறுக்கல். ரேமுக்குப் போக வேண்டிய செக்‌ஷனுக்கு ‘டெக்ஸ்ட்’ என்று தொடங்கும் பெயர் வைத்திருந்தேன். முதலில் பொருந்தும் வரிக்கே செக்‌ஷன் போகும் என்பதால், மேலே இருந்த நட்சத்திர வரி அதை விழுங்கி ஃபிளாஷிலேயே வைத்துவிட்டது. பெயரை ‘ரேம்ஃபங்க்’ என்று மாற்றினேன், இடம் சேர்ந்தது.