குரோஷா பின்னலுக்குப் பருத்தி நூலா, அக்ரிலிக் நூலா?

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா வேலையைப் புதிதாகப் பழகுவோர் பலர் எந்த நூலை வாங்குவது என்று தயங்குவதால், இரண்டையும் ஒரே அளவுகோல்களில் வைத்துப் பார்க்கிறேன்.

விலை: அக்ரிலிக் பொதுவாக மலிவானது; பருத்திக்குச் சற்றுக் கூடுதலாகும்.

எளிமை: அக்ரிலிக் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும், பருத்தி அவ்வளவாக நெகிழாததால், நீண்ட நேரம் பின்னினால் விரல் வலிக்கும்.

வெப்பம்: உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அக்ரிலிக் செயற்கை இழை என்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் சூட்டில் உருகிக் கையைச் சுட்டுவிடக்கூடும். ஆகவே கரித்துணியை அதில் பின்னவே கூடாது. பருத்தியோ சூட்டைத் தாங்குவதுடன் வியர்வையையும் உறிஞ்சும்.

துவைத்தல்: பருத்தி முதல் சலவையில் சற்றுச் சுருங்கும், அக்ரிலிக் விரைவில் உலரும், ஆனால் நாளடைவில் அதன்மேல் சிறு உருண்டைகள் எழும்.

கைப்பை, குழந்தையின் கோடைத் தொப்பி, சமையலறைத் துணிகள் ஆகியவற்றுக்குப் பருத்தியே ஏற்றது. போர்வைக்கும் குளிர்காலச் சால்வைக்கும் அக்ரிலிக் போதும்.