வலுவும் வேகமும் வேண்டும் என்றால்: லீனியரா, அன்டுலேட்டிங்கா, பிளாக்கா?

எடைப் பயிற்சியை வாரவாரியாகத் திட்டமிடும் மூன்று முறைகள் இவை. ஸ்குவாட்டில் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) அதிகபட்சமாக ஒரே ஒரு ரெப், அதாவது ஒரு தடவை, 100 கிலோ போடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். லீனியர் முறையில் முதல் நான்கு வாரம் 65 கிலோவில் பத்துப் பத்து ரெப், அடுத்த நான்கு வாரம் 80இல் ஐந்தைந்து, கடைசியில் 90இல் மும்மூன்று. 1960களில் சோவியத்தில் விளையாட்டுப் பயிற்சி ஆய்வாளர் மத்வேயெவ் வகுத்த பாதைதான் இதற்கு மூலம். ஜிம்முக்குப் புதுசு என்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். அவருக்கு எதைச் செய்தாலும் ஏறும்.

பழகியவருக்குத்தான் சிக்கல். எட்டு வாரம் வேகத்தைத் தொடவே இல்லை என்றால் அது காத்துக்கொண்டா இருக்கும்? பயிற்சி ஆய்வாளர் இசுரின் கணக்குப்படி, பயிற்சியை நிறுத்தினாலும் அதிகபட்ச வலு சுமார் 30 நாள் தாங்கும். உச்ச வேகமோ ஐந்து நாள், கூடக்குறைய மூன்று. பிளாக் முறை இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கட்டப்பட்டது: சில வாரம் அளவு (நிறைய ரெப், குறைந்த எடை), சில வாரம் வலு, போட்டிக்கு ஒட்டி வேகம். தேதி குறித்த போட்டி இருப்பவருக்கு அருமை. போட்டியே இல்லாதவர் யாருக்காக உச்சத்துக்கு வருவார்?

அன்டுலேட்டிங் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அடக்குகிறது. திங்கள் 70 கிலோவில் எட்டு ரெப், புதன் 55இல் மூன்றே ரெப் ஆனால் வெடித்து எழ வேண்டும், வெள்ளி 87.5இல் மூன்று. 2002இல் ரியா என்ற ஆய்வாளரின் குழுவினர் 20 பேரை 12 வாரம் பயிற்றுவித்துப் பார்த்ததில் பெஞ்ச் பிரஸ்ஸில் லீனியர் கூட்டம் 14 சதவீதம், அன்டுலேட்டிங் கூட்டம் 29 சதவீதம் ஏறினார்கள். உடனே துள்ள வேண்டாம், பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இவ்வளவு இடைவெளி தெரியவில்லை. ஆனாலும் வாரம் மூன்று நாள்தான் வர முடியும், வலுவும் பவரும் (வலுவை வேகமாக வெளிக்காட்டுவது) இரண்டுமே வேண்டும் என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்; வேகத்துக்கு வாராவாரம் வேலை கிடைக்கிறது, அது போதும்.

அமெரிக்க பவர்லிஃப்டிங் பயிற்சியாளர் லூயி சிம்மன்ஸின் கான்ஜுகேட் முறையும், வலுவையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் சேர்ப்பதால், இதே குடும்பம்தான், ஆனால் ராடில் மாட்டும் சங்கிலி, ரப்பர் பேண்டு, ஓயாமல் மாறும் பயிற்சிகள் என்று சாமான் அதிகம். கூட ஆளும் வேண்டும். பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போகாதவர் தாண்டிப் போகலாம், சரி.

அன்டுலேட்டிங்கில் பலர் கோட்டைவிடுவது புதன்கிழமையில்தான். 55 கிலோ லேசாக இருக்கிறதே என்று 75க்கு ஏற்றிவிடுகிறார்கள், அப்புறம் அதுவும் இன்னொரு வெள்ளிக்கிழமை ஆகிவிடுகிறது. ராடு மேலே வரும் வேகம் குறைந்தால் அந்த செட்டை அங்கேயே நிறுத்துங்கள், அடுத்த செட்டுக்கு ஐந்து கிலோவைக் கழற்றுங்கள்.