மூடியுடன் கூடிய 50 குழி நாற்றுத் தட்டு: மூன்று விதைப்புகளுக்குப் பின்

வீட்டுக்குள் விதை முளைக்க வைப்பதற்கென்றே விற்கப்படும் இந்தத் தொகுப்பில் 50 குழிகள் கொண்ட தட்டு, அதன் அடியில் வைக்கும் நீர்த்தட்டு, காற்றுத் துளைகள் உள்ள ஒளிபுகும் மூடி, ஒரு தென்னை நார்க்கழிவுக் கட்டி ஆகியவை இருக்கின்றன. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை இதில் மூன்று முறை விதைத்துப் பார்த்துவிட்டேன்.

இதன் சிறப்பே குழியின் அமைப்புதான். மேலே அகன்று கீழே குறுகும் ஒவ்வொரு குழியின் அடியிலும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளை இருப்பதால், நடும் நாளில் கீழிருந்து மெல்ல உந்தினாலே போதும். வெள்ளை நூல்களாக வேர்கள் பின்னிப் பிடித்திருக்கும் நார்க்கழிவு சிறிதும் உதிராமல், கூம்பு வடிவில் முழுதாக வெளியே வந்துவிடுகிறது. முன்பு வைத்திருந்த தட்டில் துளைகள் மிகச் சிறியவையாக இருந்ததால் தண்டைப் பிடித்து இழுக்க நேர்ந்து, எத்தனையோ நல்ல நாற்றுகள் வேரறுந்து வீணாயின.

மூடி ஈரத்தை நன்றாகக் காக்கிறது. தக்காளி 6ஆம் நாளிலும் மிளகாய் 12ஆம் நாளிலும் முளைத்தன. ஆனால் நாற்றுகள் இரண்டாம் அடுக்கு இலை விடும்வரை மூடியை எடுக்க வேண்டாம் என்கிறது உடன் வரும் குறிப்பு. முதல் விதைப்பில் அதை அப்படியே பின்பற்றியதில், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் இளைத்து, ஒரே இரவில் ஒரு வரிசை நாற்றுகள் சாய்ந்துவிட்டன. தேங்கிய ஈரத்தில் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசணங்கள் உண்டாக்கும் நாற்றழுகல் நோய் அது. அடுத்த இரு முறையும் பெரும்பாலான விதைகள் முளைத்தவுடனேயே மூடியை எடுத்துவிட்டு, நீர்த்தட்டில் மட்டும் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட்டேன். ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. அந்தக் குறிப்பைத் தயாரிப்பாளர் கட்டாயம் திருத்த வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சன்னலோரப் படமும் புதியவர்களைத் தவறாக வழிநடத்தும். சன்னல் வெளிச்சம் மட்டும் கிடைத்த நாற்றுகள் கம்பிபோல் நீண்டு ஒரு பக்கமாக வளைந்தன. எல்.இ.டி. விளக்கை நாற்றுகளுக்கு மேலே 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்ட பிறகுதான் தண்டு தடித்தது. விளக்கைத் தனியே வாங்கவேண்டியிருக்கும் என்பதைப் பெட்டியிலேயே சொல்லியிருக்கலாம்.

நார்க்கழிவில் சத்து மிகக் குறைவு என்பதால், வித்திலைகளுக்குப் பின் உண்மையான இலைகள் விரிந்ததும் நீர்த்த திரவ உரம் கொடுப்பது அவசியம். பூசணி, அவரை போன்ற பெரிய விதைகளுக்கு இந்தக் குழிகள் போதா. அவற்றை நேரடியாக நிலத்தில் ஊன்றுவதே நல்லது. தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்ப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். நனைந்த தட்டு நடுவில் தொய்கிறது என்பதால், தூக்கும்போது மட்டும் அடியில் ஒரு பலகையைக் கொடுத்துத் தூக்குங்கள்.