பழைய வீடியோ டேப்பை நம்பிக் கொடுக்க சுங்கை சிப்புட்டில் ஓர் இடம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பெரிய சாலையில், கடைவீட்டு வரிசையின் மேல்மாடியில் இருக்கிறது அந்தப் போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம் எடுக்கத்தான் அங்கே கூட்டம். பழைய வி.எச்.எஸ். டேப்புகளைக் கணினிக் கோப்பாகவும் மாற்றித் தருகிறார்கள். எங்கள் ஆவணப்படத்துக்கான டேப்புகளை அங்கேதான் கொடுத்தோம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த திருநங்கைகளையும், ஆண்களை நேசித்த ஆண்களையும் பற்றிய படம் அது. அவர்களில் சிலரை எய்ட்ஸ் கொண்டுபோனது. அவர்களில் என் தாய்மாமாவும் ஒருவர். 1981 ஜூன் 5 அன்று இந்த நோயைப் பற்றி அமெரிக்காவில் வெளிவந்த முதல் மருத்துவ அறிக்கை, 1986இல் மலேசியாவில் கண்டறியப்பட்ட முதல் நோயாளி, அதே ஆண்டு சென்னையில் மாணவி நிர்மலாவும் அவர் ஆசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும் ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்தது, 1987இல் கோலாலம்பூரில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகத் தொடங்கிய பிங்க் டிரையாங்கல் அமைப்பு, எல்லாம் தேடினால் எழுத்தில் கிடைக்கும். மாமாவும் அவர் கூட்டாளிகளும் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில், எப்படிச் சிரித்தார்கள், எப்படி ஆடினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அது தீமிதித் திருவிழா வீடியோக்களில் மட்டும்தான் இருக்கிறது. அம்மனுக்கு ஜோடனை செய்தது அவர்கள். கரகம் எடுத்து ஆடியதும் அவர்கள். மாமா 1993இல் இறந்தபோது வீட்டில் காசநோய் என்றுதான் சொன்னார்கள்.

முதலில் பெரிய ஊர்க் கடை ஒன்றில் ஒரு டேப்பைக் கொடுத்தோம். உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் மெஷினில் போட்டார்கள். நாடா சிக்கி அறுந்தது. ஊர்வலம் வந்த பகுதி அதோடு போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுங்கை சிப்புட் அண்ணன் டேப்பை வாங்கியதும் ஜன்னலோரம் போய்க் கண்ணாடி வழியாக உள்சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது சகஜம். அப்படியே ஓட்டினால் பூஞ்சை மெஷினின் ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும் என்று சொல்லி, அந்த டேப்புகளைத் தனியே எடுத்து வைத்தார். திருகாணிகளைக் கழற்றி, சுத்தம் செய்து, நல்ல கேசட் கூட்டுக்கு மாற்றி, அப்புறம்தான் ஓட்டினார். படம் ஆடாமல் இருக்க இடையில் ஒரு டி.பி.சி. கருவியும் வைத்திருக்கிறார். அந்தப் பொறுமைக்கே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் இந்தக் கடையை நான் சிபாரிசு செய்ய முக்கியக் காரணம் வேறு. டேப்பில் கரகம் ஆடுகிறவர்களில் ஒருவர் இன்றும் நம்மோடு இருக்கிறார். எய்ட்ஸுக்கு நல்ல பலன் தரும் கூட்டு மருந்துகள் 1996இல்தான் வந்தன. 2003இல் நம் அரசு அனுமதி கொடுத்து, இந்தியாவிலிருந்து விலை குறைந்த மருந்தை வரவழைக்க வழி செய்தது. அதுவரை தாக்குப்பிடித்தவர் அவர். அந்தக் காலத்தில் அவரோடு யார் யார் ஆடினார்கள் என்பது வெளியே தெரிந்தால் யாருக்கு என்ன ஆகுமோ என்று இப்போதும் பயப்படுகிறார். ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் 377ஆம் பிரிவு சட்டத்தில் இன்னும் இருக்கிறது. வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டம். சின்ன ஊரில் ஒரு படம் வாட்ஸ்அப்பில் போனால் சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிடும்.

இதைச் சொன்னதும் அண்ணன், “சரிம்மா, நான் மட்டும் பார்க்கிறேன், பையனிடம் கொடுக்க மாட்டேன்” என்றார். சேலை கட்டி ஆடியவர்களைத் திரையில் பார்த்து அவர் முகம் கோணவே இல்லை. “இவங்க எங்க தோட்டத்துக்கும் ஜோடனைக்கு வந்திருக்காங்க” என்று மட்டும் சொன்னார். வேலை முடிந்ததும் தன் கணினியில் இருந்த பிரதியை என் கண் முன்னாலேயே அழித்தார்.

குறையும் உண்டு. சொல்லாவிட்டால் பழைய டிவி அளவில் உள்ள 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்துக் கொடுத்துவிடுகிறார்; எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள். புள்ளிகளை நீக்குகிறேன் என்று மென்பொருள் போட்டால் முகம் மெழுகாகிவிடுகிறது, உருமி மேளத்தின் ஓசையும் மங்கிப்போகிறது. ‘எதையும் திருத்த வேண்டாம், அப்படியே கொடுங்கள்’ என்று தாளில் எழுதிக் கொடுங்கள். டிவிடி வேண்டாம், அதிகம் அமுக்காத கோப்பாகக் கேளுங்கள். மணிக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும், அதனால் ஹார்ட் டிஸ்க்கை நீங்களே கொண்டுபோக வேண்டும்.

ஒரு டேப்புக்கு 35 வெள்ளி (ரிங்கிட்), பூஞ்சை இருந்தால் கூடுதலாக 20. விலை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. 2016க்குப் பிறகு புதிய வி.சி.ஆர். தயாரிப்பே நின்றுவிட்டது, அவர் பழைய மெஷின்களைப் பிரித்துத்தான் உதிரிப்பாகம் எடுக்கிறார். மூன்று மணி நேர டேப்பை ஓட்ட முழுசாக மூன்று மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். வீட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள். சனிக்கிழமை காலையில் பாஸ்போர்ட் கூட்டம் இருக்கும், மதியத்துக்கு மேல் போனால் உட்கார்ந்து பேசலாம்.